வேலிக்கு அந்தப் பக்கமும் பாதைதான்

அம்மாவைப் பெற்ற தாத்தா போன நாற்பதாம் நாள் ஆயாவும் போய்விட்டார். அடுத்த வருஷம் திதி நெருங்கியபோது என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், எங்கள் வீட்டுக்கு வந்து மண்டபம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் படையல், இருநூறு பேருக்குச் சாப்பாடு, மண்டப வாசலில் இருபதடிக்கு பேனர். பேனரில் போடுவதற்கு நல்ல போட்டோ ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"போட்டோ இருக்கு மாமா. ஆனா அன்னிக்குக் காலையில நான் மண்டபத்துக்கு வரல. அவங்க ரெண்டு பேரும் நடந்த பாதையில நடக்கப் போறேன்" என்றேன்.

"நடந்து எங்க போவ?"

"டவுன்ஷிப்ல ஆரம்பிச்சு முந்திரிக்காடு வழியா வடலூர் ரோட்டுக்கு."

"அங்க இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அங்கேர்ந்து பஸ் பிடிச்சு வருவேன்."

மாமா அம்மாவைப் பார்த்தார். உன் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. அம்மா காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "நானும் போறேன் அண்ணே" என்றார். எனக்கே அது தெரியாது. அம்மாவுக்கு அறுபது வயசு, இரண்டு முட்டியிலும் வலி. அதுவரை அம்மா என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு நிலம் கிடையாது. தாத்தாவின் தாத்தாவுக்கும் கிடையாது. சின்ன வயசில் தாத்தா முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு ஊரில் பண்ணையில் வேலை செய்தார். ஆயா அதே ஊரில் களை எடுத்தார், நாற்று நட்டார். அப்புறம் தாத்தா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பல வருஷம் கழித்து பர்மனென்ட் ஆனார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கிற கரியை வாரி மேலே போடுகிற வேலை. பர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யா மரம். என் அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் அந்த வீட்டில்தான் இருந்தோம்.

வாரத்தில் ஒரு நாள் தாத்தாவுக்கு ஆஃப். பிளாக்கில் மற்ற வீட்டு ஆண்கள் அன்றைக்கு எட்டு மணி வரை தூங்குவார்கள். தாத்தாவும் ஆயாவும் ஐந்தரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டவுன்ஷிப்பின் ஓரத்தில் தார் ரோடு முடிகிற இடத்தில் செம்மண் வண்டிப்பாதை தொடங்கும். இரண்டு பக்கமும் முந்திரி. தை, மாசியில் பூ வாசம் மூக்கைத் துளைக்கும். பாதை காட்டைத் தாண்டி அவர்கள் முன்பு கூலி வேலை செய்த அந்த ஊருக்குள் நுழையும். ஊர்த்தெரு வழியே வெளியே வந்து, ஏரிக்கரையில் ஏறி, கடைசியில் வடலூர் ரோட்டில் சேரும். மூன்று மணி நேரம். அங்கே ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார்கள். ஆறு வயசிலிருந்து என்னையும் கூட்டிப் போனார்கள்.

பேசிக்கொண்டே போவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆயா நடையில் வேகம். தாத்தா ஓணானைக் கண்டாலும் நிற்பார், ஒரு மரத்தில் பட்டை உரிந்திருந்தாலும் நிற்பார். "இன்னாத்தப் பாத்துகினு நிக்கிற? அது என்ன உன் சொந்தக்காரனா?" என்று ஆயா முன்னாலிருந்து கத்துவார். தாத்தா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "நீ போ. நான் எட்டு மணி நேரம் பெல்ட்டைத்தான பாக்கறேன் தெனைக்கும்" என்பார். இதுதான் பேச்சு. ஆனால் ஒரு வாரம்கூட ஒருவரை விட்டுவிட்டு ஒருவர் போனதில்லை.

அந்த ஊர்த்தெரு வழியாக எங்கள் ஆட்கள் முன்பு நடக்க முடியாது. ஊருக்குப் பின்னால் ஓடை ஓரமாக ஒரு சந்து இருந்தது. வேலைக்கு வருவதும் போவதும் அந்தச் சந்தில்தான். யாராவது கூப்பிட்டால் மட்டும் தெருவுக்குள் வரலாம், அதுவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. தாத்தா மைன்ஸுக்குப் போன பிறகு யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. தாத்தாவும் ஆயாவும் செருப்புக் காலோடு தெருவின் நடுவில் நடப்பதை முதலில் பார்த்தவர், ஆயா பல வருஷம் களையெடுத்த வயலுக்குச் சொந்தக்கார அம்மா.

"எங்க போறீங்க? சாவா, கல்யாணமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லீங்க. சும்மா நடக்கறோம்" என்றார் ஆயா.

"சும்மாவா?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. வேலைக்கு நடந்திருக்கிறார்கள், கூலிக்கு நடந்திருக்கிறார்கள், மருந்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சும்மா நடப்பது என்பது நிலம் வைத்திருக்கிறவர்கள் சாயங்காலம் வரப்பைப் பார்க்கப் போகிற மாதிரி ஒன்று. அதை இவர்கள் எப்படிச் செய்யலாம்?

நான் இரண்டாவது படிக்கும்போது நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருக் கோடியில் ஒருவர் மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வண்டி. மாடும் பூட்டித்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு பல் குச்சியை மென்றார். "பின்னாடி சந்து இருக்குதில்ல" என்றார்.

ஆயா நின்றுவிட்டார். தாத்தாவும் நின்றார். யாரும் சத்தம் போடவில்லை. நான் ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எனக்குத் தாகம் எடுத்தது, கேட்கப் பயமாக இருந்தது. கடைசியில் மாடு பொறுமை இழந்து காலை உதைத்தது. வண்டிக்காரருக்காக வயலில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஏதோ முனகிக்கொண்டே வண்டியை ஓட்டிப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது தாத்தாவிடம், "அவரு வண்டிய எடுக்கலன்னா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னிக்கு ஆஃபு. சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். அவனுக்குத்தான வேலை கெடந்துது" என்றார்.

ஆயா அன்றைக்குத்தான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தார்.

ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் குடியேறிய பிறகும் நடை நிற்கவில்லை. எழுபது வயசு தாண்டித்தான் நின்றது. அதனால்தான் மண்டபமும் பேனரும் எனக்கு மனசில் ஒட்டவில்லை. அவர்கள் உயிரோடு இருந்தபோது எந்த மண்டபத்திலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தவர்கள் இல்லை.

திதியன்று அம்மாவும் நானும் ஐந்தே முக்காலுக்கு டவுன்ஷிப் ஓரத்தில் செம்மண்ணில் கால் வைத்தோம். ஆட்டோவில் வந்து இறங்கினோம். பாதையில் புல் முளைத்திருந்தது, வண்டித்தடம் அழியவில்லை. மயில் ஒன்று எங்களுக்கு முன்னால் தாவித் தாவி ஓடியது. அரை மணி நேரம் போனோம். பாதை வளைகிற இடத்தில் முள்கம்பி வேலி. கல் தூண் நட்டு, ஐந்து வரிசைக் கம்பி, பாதைக்கு நேர் குறுக்கே. வேலிக்கு அந்தப் பக்கமும் பாதை அதே மாதிரி நீண்டு போவது தெரிந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பைக் சத்தம் கேட்டது. முந்திரித்தோப்புக்காரர். ஐம்பது வயசு இருக்கும்.

"யாரும்மா? இந்தப் பக்கம் வழி கெடயாது."

"இது வண்டிப்பாதைங்க" என்றேன்.

"அது அந்தக் காலம். ரெண்டு பக்கமும் என் தோப்பு. நடுவுல பாதைன்னா எவன் எவனோ பூந்து கொட்டையப் பொறுக்குறான். அடைச்சி நாலு வருஷம் ஆச்சி. மெயின் ரோட்ல சுத்திப் போங்க."

"எங்க அப்பா அம்மா முப்பது வருஷம் இதுல நடந்தாங்க" என்றார் அம்மா.

"உங்கப்பா யாரு?"

அம்மா சொன்னார். அந்த மனிதரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தெரிந்த பெயர். எந்தத் தெரு ஆளின் பெயர் என்பது தெரிந்ததும் அவர் குரலில் இருந்த 'ங்க' போய்விட்டது. "ஓ, அவன் பொண்ணா? போ, போ, வேற வழி பாத்துகினு போ" என்றார். பைக்கைத் திருப்பினார்.

நான் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலியோ என்று பயந்து கிட்டே போனேன். அம்மா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழ்க்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்து, மண்ணில் மல்லாந்து படுத்து, உடம்பைத் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கம்பியில் ரவிக்கை மாட்டிக் கிழிந்தது. அந்தப் பக்கம் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பாத்துகினே நிக்காத. வா" என்றார்.

தோப்புக்காரர் திரும்பி வந்து, "ஏய், என்ன செய்யற? போலீசுக்குச் சொல்லுவேன்" என்று கத்தினார். நான் அதற்குள் பாதி உள்ளே போயிருந்தேன். "சொல்லுங்க. நாங்க மெதுவாத்தான் போவோம், வந்து பிடிக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா. பொட்டுக் கோபம் இல்லாமல் சொன்னார்.  தோப்புக்காரர் வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கத்தினார். அப்புறம் அவர் குரல் கேட்கவில்லை.

ஊர்த்தெரு இப்போது சிமெண்ட் ரோடு. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. கவனிக்காததே எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மா கிழிந்த ரவிக்கையை முந்தானையால் மூடாமல் தெரு முழுக்க நடந்தார்.

தெரு முடிந்து ஏரிக்கரை வர வேண்டும். வரவில்லை. பாதை ஒரு உயரமான கம்பி வேலியில் போய் முட்டியது. அதற்கப்பால் பள்ளம். மைன்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது என்று எல்லோரையும் போல எனக்கும் தெரியும், ஆனால் ஏரியும் போயிற்று என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அடியில் எங்கேயோ பெரிய மிஷின் ஒன்று சின்னப் பொம்மை மாதிரி மண்ணை வெட்டிக்கொண்டிருந்தது. கன்வேயர் ஓடுகிற சத்தம் மட்டும் ஒரே சீராக வந்தது. அம்மா நிறைய நேரம் பார்த்தார்.

"எங்கப்பா சம்பளம் இந்தப் பள்ளத்துலேர்ந்துதான் வந்துது" என்றார். "இதத் திட்டவும் எனக்கு வாய் வரல. ஏரி போனதுக்கு சந்தோசப்படவும் முடியல." அப்புறம், "ஆனா அங்க இருக்கிறது மிஷினு. அதுக்கிட்ட நம்ம பேச முடியாது. அந்தத் தோப்புக்காரன் மனுசன். அவன்கிட்ட பேசலாம்" என்றார்.

கொண்டு போயிருந்த சூடத்தை ஒரு கல்லின் மேல் வைத்து ஏற்றிக் கும்பிட்டோம். சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம்.

எங்களுக்கு முன்னாலேயே மண்டபத்துக்குச் செய்தி போய்விட்டிருந்தது. தோப்புக்காரர் மாமாவுக்கு போன் போட்டிருக்கிறார். மாமா ரிட்டயர் ஆன பிறகு முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறார், காடாம்புலியூர் வரைக்கும் அவருக்கு ஆள் பழக்கம். அந்தத் தோப்பிலிருந்துதான் அவருக்குச் சரக்கே வருகிறது. பேனரில் தாத்தாவும் ஆயாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதற்குக் கீழே மாமா நின்றுகொண்டு, "மானம் போச்சி. பொம்பளைங்க ரெண்டு பேரு வேலி நுழைஞ்சி போனாங்கன்னு ஊரே பேசுது. நாளைக்குப் போயி மன்னிப்பு கேட்டுடு. நானும் கூட வரேன்" என்றார்.

"எதுக்கு மன்னிப்பு மாமா?"

"அவரு தோப்பு."

"தோப்பு அவருது. பாதை அவருதில்ல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன், நிச்சயமாகத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்கிற வழி தெரியும். வடலூரில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து தினமும் பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. எத்தனையோ பேருக்கு அவர்கள் நிலத்தின் வரைபடத்தை பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு வரைபடம் எடுக்க ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. எங்களுக்குத்தான் நிலமே இல்லையே. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தச் சர்வே எண்களை எடுத்தேன். இரண்டு தோப்புக்கும் நடுவில் இரண்டு கோடு ஓடியது. வண்டிப்பாதை புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாதது, அதனால் எங்களுக்கும் சொந்தம்.

மாமா வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார். "இப்ப அந்தப் பாதை இல்லன்னு யாரு அழுதா?"

"நான்" என்றேன்.

மனு போட்டேன். தாலுகா ஆபீசில் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் போனால் மனு வந்த சுவடே இல்லை. இரண்டாவது மனுவை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு கடலூர் போனேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வந்திருந்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டாள். நடப்பதற்கு என்றேன். எங்கே போக என்றாள். எங்கேயும் போக இல்லை, நடக்கத்தான் என்றதும் முழித்தாள். அப்புறம், "அதுவும் வேணும்தான்க்கா" என்றாள்.

சர்வேயர் வருவதற்கு ஐந்து மாசம் ஆனது. வந்த அன்று தோப்புக்காரர் ஆட்களோடு நின்றார். அம்மா ஒரு மர நிழலில் மோர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். சங்கிலி பிடித்து அளந்தார்கள். கல் தூண்கள் பாதையின் நட்டநடுவில் நின்றன. கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். வேலியில் இரண்டடி இடைவெளி விட்டு, அதிலும் ஒரு தூணை நெட்டுக்குத்தாக நட்டு வைத்திருந்தார். உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். அம்மாவால் அதுவும் முடியவில்லை. தோப்புக்காரர் தூரத்தில் நின்று, "வழிதான கேட்ட? வுட்டாச்சே" என்றார்.

"பாதை பன்னெண்டு அடிங்க. நான் ரெண்டடிக்கு மனு போடல" என்றேன்.

"நீ இன்னா வண்டியா ஓட்டப் போற?"

"ஓட்டுவேன், ஓட்டாம போவேன். அது உங்களுக்கு எதுக்கு?"

 மூன்றாவது மனு போட்டேன். அதற்கு இன்னும் நான்கு மாசம். கடைசியில் தூண்களைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, மழையில் தண்ணீர் நிற்கிறது. பன்னிரண்டடியும் திறந்து கிடக்கிறது.

முந்திரி உடைக்கிற கம்பெனிக்குப் போகிற பெண்கள் இப்போது அதில்தான் போகிறார்கள். நான்கு வருஷமாக மெயின் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சுற்றிப் போனவர்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீதானா அது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்களுக்கு ஏன் இது தோணல?" என்றாள். 

மாமா என்னோடு பேசுவதில்லை. தோப்புக்காரர் அவருக்குச் சரக்கு தருவதை நிறுத்திவிட்டார், அது என்னால்தான். எனக்கு அதில் வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வார். போன மாசம் பேசும்போது, "அந்த ஊரும் மைன்ஸுக்குப் போவுதாம். அளந்து கல்லு நட்டுகினு இருக்காங்க. அஞ்சு வருஷத்துல உன் பொண்ணு வாங்கின பாதையும் பள்ளத்துல பூடும். இதுக்கா இத்தினி சண்டை?" என்றிருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். நீயே சொல் என்கிற மாதிரி போனை நீட்டினார்.

"போவட்டும் மாமா" என்றேன். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "மாசம் ஒரு தடவ போறோம். அஞ்சு வருஷம்னா அறுபது தடவ நடக்கலாம்."

 மாமா போனை வைக்கவில்லை.

அம்மா போனைப் பிடுங்கி, வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, "மாசத்துக்கு ரெண்டு தடவ போனா நூத்தி இருவது அண்ணே" என்றார்.